சீரு வேற, சவாரி வேற

ஆகஸ்ட் 27, புதன்

பாப்பாவுக்கான கார் சீட் இன்று வந்துவிட்டது. பெட்டியைப் பிரித்ததும் அம்மா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். "இதென்ன சாமி, சலூன் கடை நாற்காலி குட்டி போட்டாப்பல இருக்குது" என்றாள். அப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

எனக்கு அதை எவ்வளவு பார்த்தாலும் அலுக்கவில்லை. ஐந்து வார்கள். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, காலுக்கு நடுவில் ஒன்று. முன்னால் தொங்கும் ஒரே ஒரு பட்டையை இழுத்தால் ஐந்தும் சேர்ந்து இறுகுகின்றன. குழந்தை வண்டியின் பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும். இந்த வயதில் தலைதான் கனம், கழுத்து இப்போதுதான் நிற்கத் தொடங்கியிருக்கிறது. வண்டி சட்டென்று நின்றால் அந்த வேகத்தைக் கழுத்து மட்டும் வாங்காமல் முதுகு முழுக்க வாங்கிக்கொள்ளும். நான் படித்தது சிவில் எஞ்சினியரிங். பாரத்தைப் பரப்பிக் கொடுக்கிற எதைப் பார்த்தாலும் எனக்கு மரியாதை வந்துவிடும். இதைச் செய்தவர் பிள்ளை பெற்ற ஒரு தாயாகத்தான் இருக்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகு, இருக்காது என்று தோன்றியது. பெற்றவளாக இருந்தால் கை நடுங்கியிருக்கும், தையல் இவ்வளவு நேராக வந்திருக்காது.

செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சியிலிருந்து வந்து எங்களை அழைத்துப்போகிறார்கள். பிரசவத்துக்குக் கோபிக்கு, அம்மா வீட்டுக்கு வந்தவள், பாப்பாவின் ஐந்தாம் மாதத்தில் திரும்பிப் போகிறேன். வழி மூன்று மணி நேரத்துக்குக் குறையாது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

தமயந்தி நங்கையா போன் செய்தார். என் வீட்டுக்காரர் கிரிக்கு அக்கா. பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். விசில் இல்லாமலே ஒரு மைதானத்தை வரிசையில் நிற்கவைக்கிற குரல். எங்கள் கல்யாணத்தில், மாப்பிள்ளையின் அக்காவை உட்காரவைத்துச் செய்கிற இணைச்சீருக்கு உட்கார்ந்தவர் அவர்தான். அன்றைக்கு அவர் உட்கார்ந்த தோரணையைப் பார்த்து, மாப்பிள்ளை யார் என்று என் தோழிகள் மறந்தே போனார்கள்.

"இந்து, கேட்டுக்கோ. பிள்ளைய எடுத்துட்டு வர்றது அத்தைக்காரி மடியிலதான். கிரி பொறந்தப்ப எங்க அத்தை மடியிலதான் வந்தான். அம்பாசிடர் காரு. வழி நெடுக அது மேல ஒன்னுக்குப் போயிட்டே வந்திருக்கறான். இன்னைக்கும் அத்தை அதப் பெருமையாச் சொல்லுது. எனக்கும் அப்படி ஒரு பெருமை வேணும்."

அவருக்குக் குழந்தைகள் இரண்டு பேர், இருவரும் ஹாஸ்டலில். மடி காலியாக இருக்கிறது என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

"சரிங்க நங்கையா" என்றேன்.

கார் சீட் பற்றிச் சொல்லவில்லை. நாளை சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கிரி வந்தார். சீட்டை வண்டியில் பொருத்திப் பார்த்தோம். பின் சீட்டில் உட்காரும் மெத்தைக்கும் சாய்மானத்துக்கும் நடுவில் கையை விட்டால் இரண்டு இரும்பு வளையங்கள் தட்டுப்படும். வண்டியின் எலும்புக்கூட்டோடு பற்றவைத்தவை. பாப்பா சீட்டின் இரண்டு கொக்கிகளும் அந்த வளையங்களைக் கவ்வ வேண்டும். கவ்வியதும் ஒரு 'டக்'. சிவப்புப் புள்ளி பச்சையாக மாறும். வலது பக்கம் பச்சை, இடது பக்கம் பச்சை. கிரி பொறுமையாக, கையேட்டை மடியில் விரித்துவைத்துக்கொண்டு, ஒரு வரியையும் விடாமல் செய்தார். பார்க்கவே அழகாக இருந்தது.

நான் ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. மறுபடி ஆட்டினேன். வீட்டுக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து ஆட்டினேன்.

"இந்து, இன்னும் ஆட்டினா சீட்டு நின்னுரும், காரு பேந்து வந்துரும்" என்றார்.

நங்கையாவின் மடி விஷயத்தைச் சொன்னேன்.

"அக்காகிட்ட நீயே சொல்லீரு."

"உங்க அக்காதானுங்களே?"

"அதனாலதான் சொல்றேன்."

சீட்டைத் திரும்பக் கழற்றி வீட்டில் வைத்தாயிற்று. அதையும் சீர் வரிசையில் வைத்துத்தான் அனுப்புவேன் என்று அம்மாவுக்குப் பிடிவாதம்.

செப்டம்பர் 3, புதன்

பகலிலும் தூங்கவில்லை. தூக்கம் வராமல் இல்லை. நான் தூங்கிவிட்டால் அவள் மூச்சை யார் பார்ப்பது?

செப்டம்பர் 6, சனி

பாப்பாவைக் குளிப்பாட்ட வருகிற சரசக்காவை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நல்ல மனுஷி. அவர் கையில் பாப்பா சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனாலும் வழுக்கிவிட்டால்?  மதியம் அம்மா தட்டில் சோறு போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சாப்பிட்டுட்டேம்மா" என்று சொல்லிவிட்டேன். பிறகு பார்த்தால் தட்டு அப்படியே இருந்தது.

எனக்கு ஒன்றும் இல்லை. கவனமாக இருக்கிறேன், அவ்வளவுதான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மாமாவை என்ன சொல்வது. கிரியின் அப்பா, கொப்பரை வியாபாரம் செய்கிறவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவர் தானாகவே வண்டியை எடுத்துப்போய்ப் புது சீட் கவர் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். "பேத்தி வர்ற வண்டி, வெறுஞ் சீட்டாவா இருக்கறது" என்று கடைக்காரரிடம் சொன்னாராம். கிரி படம் அனுப்பினார். சந்தன நிறம், ஓரத்தில் சிவப்புத் தையல், உள்ளே தடிமனான ஸ்பாஞ்ச். பின் சீட் முழுவதும் ஒரே விரிப்பாக, ஒரு சுருக்கம் இல்லாமல், ஒரு கொக்கிகூட வெளியே தெரியாமல், கல்யாண மண்டபத்துச் சோபா மாதிரி இருக்கிறது. படத்தை அம்மாவிடம் காட்டினேன். அவள் கண் கலங்கிவிட்டாள். பேசாதவர்கள் இப்படித்தான் பேசுகிறார்கள்.

நங்கையாவிடம் இன்னும் சொல்லவில்லை. நேற்றும் பேசினார். "சரிங்க நங்கையா" என்றேன்.

செப்டம்பர் 13, சனி

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் நானே நம்ப மாட்டேன்.

மதியம் கிரியும் நங்கையாவும் வண்டியில் வந்தார்கள். மாமா மற்றவர்களோடு நாளைக் காலை வேனில் வருகிறார். சாப்பிட்டதும் சீட்டைப் பொருத்தலாம் என்று போனோம். கிரி சாய்மானத்துக்கு அடியில் கையை விட்டார். கை போகவில்லை.

"இங்கதான இருந்துது."

இரண்டு வளையங்களும் புது ஸ்பாஞ்சுக்கும் தையலுக்கும் அடியில் போய்விட்டன. சரி, பெல்ட்டை வைத்துக் கட்டலாம் என்றால், பெல்ட் மாட்டுகிற கொக்கிகளையும் காணோம். கவர் கடைக்குப் போன் போட்டார்.

"பின்னாடி யாருங்க பெல்ட்டு போடறாங்க? உக்காந்தா இடுப்புல குத்துதும்பாங்க. அதனால உள்ள தள்ளி மூடிப்போடுவோமுங்க. எல்லாருமே அப்படித்தான் கேக்கறாங்க."

கிரி முழங்காலால் அழுத்தி, ஸ்பாஞ்சை நசுக்கி, எப்படியோ ஒரு பக்கத்தைக் கவ்வவைத்துவிட்டார். ஒரு டக். ஒரு பச்சை. மறுபக்கம் சிவப்பாகவே இருந்தது. "ஒரு பக்கம் புடிச்சிருச்சு. நாளைக்கு மெதுவா ஓட்டறேன்" என்றார். நான் லேசாகத் தொட்டேன். புது ரெக்சின் வழவழப்பில் சீட் அப்படியே ஒருக்களித்துத் திரும்பிவிட்டது.

"நான் வரல" என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். வாசற்படியில் நின்றிருந்த நங்கையா, "என்ன சொன்னா?" என்றார்.

"ஒன்னுமில்லக்கா."

"உன்னையக் கேக்கல, அவளக் கேட்டேன்."

அப்புறம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வளையம், கவர், சிவப்புப் புள்ளி, கடைசியில் மடி. மடியில் வைத்துக்கொண்டு போனால் வண்டி நிற்கும்போது பாப்பா நிற்க மாட்டாள், எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் கை தாங்காது, உங்கள் கை என்றில்லை, யார் கையும் தாங்காது என்றேன். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

 நங்கையா தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கல்லூரி நாளில் குண்டு எறிதலில் பரிசு வாங்கிய கை.

"நூறு மீட்டர் ஓடி வர்ற புள்ளை கோட்டுல நிக்காது. நில்லுன்னு கத்தினாலும் பத்தடி தாண்டித்தான் நிக்கும். அதத்தான சொல்ற?"

"ஆமாங்க."

"காரு நிக்கும். அவ ஓடிட்டே இருப்பா."

"ஆமாங்க நங்கையா."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? போன் பண்ணினப்பெல்லாம் சரிங்க நங்கையா, சரிங்க நங்கையான்னுட்டு."

"பயமா இருந்துச்சுங்க."

"என்னையப் பாத்தா? எட்டாவது புள்ளைகளே பயப்படறதில்ல. எனக்குப் பின்னாடி நின்னு நான் நடக்கறாப்பல நடந்து காட்டுதுக."

கவரைக் கழற்றினால் அப்பாவுக்குச் சங்கடமாக இருக்கும் என்று கிரி இழுத்தார். நங்கையா அங்கேயே போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். கொப்பரைக் களத்தின் சத்தம் கேட்டது.

"அப்பா, பின் சீட்டுக் கவரக் கழட்டறோம்."

நங்கையா போனை வாய்க்கு இன்னும் கிட்டே பிடித்தார்.

"பாப்பா சீட்டு மாட்டற வளையம் அடியில போயிருச்சுங்கப்பா. அது இல்லாம மாட்டினா ஆடுது."

நீண்ட நேரம் கழித்து "ம்" என்று ஒரு சத்தம். போன் வைக்கப்பட்டது.

"கோவமாக்கா?" என்றார் கிரி.

"அந்த 'ம்'முல பத்து தினுசு வெச்சிருக்கறாரு. இது எதுன்னு எனக்கே தெரியல. நீ அந்தக் கதவத் திற."

கவரின் அடியில் சீட்டைச் சுற்றிக் கொக்கிகளும் எலாஸ்டிக் நாடாக்களுமாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். நங்கையா குப்புறப் படுத்துக்கொண்டு வண்டிக்குள் போனார். வெளியே அவர் கால்கள் மட்டும் தெரிந்தன. அம்மா காபித் தம்ளரோடு வந்து, அதை யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல் அந்தக் கால்களுக்குப் பக்கத்திலேயே நின்றாள். ஒரு நாடாகூட அறுபடவில்லை. ஒவ்வொன்றாக விடுவித்து, முழுக் கவரையும் உரித்து எடுத்து, புதுப் புடவையை மடிப்பதுபோல மடித்து டிக்கியில் வைத்தார். நகம் ஒன்று பிளந்து ரத்தம். அதைச் சப்பிக்கொண்டே "வளையத்தக் காட்டு" என்றார்.

இரண்டு டக். இரண்டு பச்சை. நங்கையா ஆட்டினார். வண்டி ஆடியது, சீட் ஆடவில்லை.

சாயங்காலம் பாப்பாவை உட்காரவைத்து வார் மாட்டக் கற்றுக்கொண்டார். முதல் தடவை தொளதொளவென்று விட்டுவிட்டார். "பாவம், வலிக்குமே." தோள் வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள், மடிப்பு அகப்பட்டால் இன்னும் இழுக்க வேண்டும் என்றேன். கிள்ளினார், அகப்பட்டது, இழுத்தார், மறுபடி கிள்ளினார், விரல் வழுக்கியது.

"கட்டிப்போட்டாப்பல இருக்குதேடி."

"இடுப்புல தூக்கி வெச்சிருக்கறாப்பலன்னு நெனச்சுக்கங்க."

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். எவ்வளவு பெரிய மனசு. தன் பெருமையைத் தன் கையாலேயே இறுக்கிக் கட்டிக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

நாளை எல்லார் முன்னாலும் மடி விஷயத்தை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டேன். "அத எங்கிட்ட விடு" என்றார். விட்டுவிட்டேன் என்று சொன்னேன். விடவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு
பொள்ளாச்சி

வந்து சேர்ந்துவிட்டோம்.

பொருத்திய சீட்டை இனி கழற்றக் கூடாது என்று காலையில் அம்மாவிடம் சொன்னேன். சீர் வரிசையில் வைக்க முடியாமல் போகிறதே என்று முகம் வாடும் என நினைத்தேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? கூடத்தில் தொடங்கிய சீர்த்தட்டு வரிசையை வாசல் தாண்டி, தெரு தாண்டி, கார்க் கதவு வரைக்கும் நீட்டிவிட்டாள். பழம், கொலுசு, துணிமணி, தொட்டில், கடைசியில் கார். உள்ளே எட்டி, சீட்டுக்கு ஒரு குங்குமப் பொட்டு. என் அம்மாவைப் போல் ஒரு எஞ்சினியர் எங்கள் கல்லூரியில் இல்லை.

வேன் வந்தது. மாமா இறங்கியதும் நேராகக் காரிடம்தான் போனார். கவர் இல்லாத பின் சீட்டைப் பார்த்தார். எல்லாரும் அவரையே பார்த்தோம். கிரி செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டார். மாமா கையை உள்ளே நீட்டி, பாப்பா சீட்டைப் பிடித்து ஒரு தேங்காய் மூட்டையை அசைப்பதுபோல அசைத்தார்.

"ஆடலியே அம்மிணி" என்றார் என்னிடம்.

"ஆடாதுங்க மாமா."

"முன்னாடி சீட்டு ரெண்டுலயும் கவரு இருக்கலாமில்ல?"

"இருக்கட்டுங்க மாமா. ரொம்ப நல்லாருக்குது."

தலையை ஆட்டிவிட்டுப் பந்திக்குப் போனார்.

கிளம்பும் நேரம். நங்கையா பட்டுப்புடவையில் பாப்பாவைக் கையில் ஏந்தி, வாசல் தாண்டி, தட்டுகளை ஒட்டியே நடந்து வண்டிக்குள் போய் உட்கார்ந்தார். மடியில் பாப்பா.  அம்மா ஆரத்தி சுற்றினாள். போட்டோ எடுத்தார்கள். வேனில் வந்த கிரியின் பெரியம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "எடுங்க வண்டிய, நேரமாச்சு" என்றார். கிரி சட்டைப் பையைத் தடவினார், பேன்ட் பையைத் தடவினார். சாவி இல்லை. அது நங்கையாவின் இடுப்பில் செருகியிருந்தது. வீட்டை விட்டு இறங்குவதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

"மடியில உக்கார வெச்சாச்சு, ஆரத்தி ஆச்சு. சீரு முடிஞ்சுது" என்றார், மைதானத்துக் குரலில். "சீரு வேற, சவாரி வேற."

அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, பாப்பாவைச் சீட்டில் வைத்து, வாரைப் போட்டு, பட்டையை இழுத்து, தோளில் கிள்ளிப் பார்த்தார்.

"பிள்ளையக் கட்டியா கூட்டிட்டுப் போவாங்க? கன்னுக்குட்டியா அது?" என்றார் பெரியம்மா.

"கன்னுக்குட்டியவே லாரில கட்டித்தானுங்க பெரியம்மா ஏத்தறாங்க. அத விட எம்மருமக என்ன எளப்பமா?"

பெரியம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சாவி கிரியின் கைக்குப் போனது.

பின்னால் நான் ஒரு ஜன்னலோரம், நடுவில் மாட்ட வளையம் இல்லாததால் பாப்பா மறு ஜன்னலோரம். நங்கையா நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார். கவர் போனதால் எல்லாருக்கும் பெல்ட் கிடைத்தது. நான் நங்கையாவைத் தாண்டி எட்டி எட்டிப் பாப்பாவின் மூக்கைப் பார்த்துக்கொண்டே வந்தேன். குன்னத்தூர், பெருமாநல்லூர், திருப்பூர். இடையில் ஒரு முறை நிறுத்தி அவளை எடுத்து மடியில் கிடத்திவைத்தோம். பல்லடம் தாண்டி மறுபடி ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்திப் பால் கொடுத்தேன். திரும்பச் சீட்டில் வைத்ததும் நங்கையா சொன்னார்:

"நீ முன்னாடி போய் உக்காரு. இங்க நான் பாத்துக்கறேன்."

முடியாது என்று தலையாட்டினேன். வற்புறுத்துவார் என்று நினைத்தேன்.

"எதெதப் பாக்கோணும்னு சொல்லு" என்றார்.

சொன்னேன். தலை முன்னால் கவிழக் கூடாது, முகவாய் நெஞ்சில் முட்டக் கூடாது, துணி மூக்கை மூடக் கூடாது, வெயில் முகத்தில் அடிக்கக் கூடாது, வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். சிரிக்கவில்லை. எல்லாரும் சிரிக்கிற இடத்தில் அவர் சிரிக்கவில்லை.

முன்னால் போய் உட்கார்ந்தேன். பெல்ட் போட்டது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது எங்கள் வீட்டு கேட்.

வண்டி நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் ஓடியது, ஏசி ஓடியது. கேட்டுக்குள்ளே என் மாமியார் ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தார். பக்கத்தில் வேனில் வந்த கூட்டம். மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார்.  வந்து வெகு நேரம் ஆயிற்றாம். என்னை எழுப்ப வேண்டாம் என்று நங்கையா ஜன்னல் வழியாகச் சைகை காட்டினாராம். அத்தனை பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"பாப்பா தூங்கினாளுங்களா?" என்றேன் பதறிப்போய்.

"அவ கொட்டக் கொட்ட முழிச்சுட்டுத்தான் வந்தா" என்றார் நங்கையா. "ரெண்டு பேத்துல ஒருத்திதான் தூங்கினா."

செப்டம்பர் 16, செவ்வாய்

பழையபடிதான். தூங்க முடியவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

பள்ளிக்கூடம் முடிந்து நங்கையா நேராக இங்கே வந்தார். ட்ராக் சூட்டில், கழுத்தில் விசிலோடு.

"நாளைக்குக் காலைல ஒரு டாக்டரம்மாவப் பாக்கப் போறோம். பேசி வெச்சிருக்கறேன்."

"பாப்பாவுக்கு ஊசி இப்ப இல்லீங்களே."

"பாப்பாவுக்கில்ல."

எனக்கு ஒன்றுமில்லை என்றேன். கவனமாக இருக்கிறேன், அவ்வளவுதான் என்றேன்.

"ஒன்னுமில்லைன்னா அந்தம்மா ஒன்னுமில்லைன்னு சொல்லட்டும். நானும் காப்பி குடிச்சுட்டு வந்தர்றேன்."

கோபம் வந்தது. துணிகளை மடித்துக்கொண்டே இருந்தேன். மடித்ததையே உதறி மறுபடி மடித்தேன். அவர் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு குட்டிச் சட்டையை எடுத்துத் தப்புத் தப்பாக மடித்தார்.

"எல்லாருக்கும் இப்படி வருமுங்களா?" என்று கேட்டேன். எதைப் பற்றிக் கேட்கிறேன் என்று நான் சொல்லவில்லை.

"நெறையப் பேருக்கு வருது. நெறையப் பேரு சொல்றதில்ல. எனக்கு மூத்தவன் பொறந்தப்ப வந்துது. நானும் சொல்லல."

 

செப்டம்பர் 20, சனி

காலையில் வாசலுக்குப் போனால் வண்டி கழுவி நிற்கிறது. கழுவுவதற்காகக் கழற்றிய சீட்டை நங்கையா தானே திரும்பப் பொருத்தியிருந்தார். இரண்டு பச்சை. கை துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

"ஆட்டிப் பாரு."

ஒரு தடவை ஆட்டினேன். அசையவில்லை. பாப்பாவை வைத்து வாரை இழுத்தேன். நங்கையா அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் போய் முன்னால், கிரி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.